கருவறைக்குள் நுழையும் காய்ச்சல்

நம் மக்கள் நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் வல்லவர்கள். பெரியம்மை என்றார்கள், சின்னம்மை என்றார்கள். மணலை வாரி இறைத்தாற்போல் மேனியெங்கும் பொரிவதைக் கண்டு மணல்வாரி என்றார்கள். கன்னமும் தாடையும் வீங்கி நின்றவனைப் பார்த்துப் பொன்னுக்கு வீங்கி என்று சிரித்தார்கள். ஆனால் இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட நோய்க்கு ஊரெல்லாம் அறிந்த தமிழ்ப் பெயர் இல்லை. டாக்டர்கள் அதனை ரூபெல்லா என்பர். பழைய நூல்களில் ஜெர்மன் தட்டம்மை என்று காணலாம். பெயர் வைக்கும் அளவுக்கு அதனை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதே உண்மை. இளங்காய்ச்சல் காயும், காதுக்குப் பின்னே நெறி கட்டும், முகத்தில் இளஞ்சிவப்பாய்த் தடிப்புத் தோன்றி உடம்புக்கு இறங்கும், மூன்று நாளில் மறைந்துவிடும். சூடு என்றோ வேர்க்குரு என்றோ சொல்லிவிட்டுப் பாட்டி தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தோன்றுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் இதனை முதன்முதல் விவரித்தமையால் ஜெர்மன் என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. ரூபெல்லா என்ற பெயரோ நம் நாட்டோடு தொடர்புடையது. இந்தியாவில் பரவிய இந்நோயைப் பற்றி எழுதிய ஹென்றி வீல் என்னும் ஆங்கிலேயப் பீரங்கிப் படை மருத்துவர், 1866ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரை இட்டார். இலத்தீன் மொழியில் ‘சிறு சிவப்பு’ என்பது அதன் பொருள். செல்லப் பெயர்போல் இருக்கிறது, அல்லவா? அடுத்த 75 ஆண்டுகள் மருத்துவ உலகமும் அதனைச் செல்லப் பிள்ளையாகவே நடத்தியது.

அந்த எண்ணத்தை உடைத்தவர் குழந்தை மருத்துவரும் அல்லர், பிரசவ மருத்துவரும் அல்லர். ஒரு கண் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருந்த நார்மன் மக்காலிஸ்டர் கிரெக் என்பவரிடம், 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறவியிலேயே கண்புரை கொண்ட குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வந்தன. கிழவர்களுக்கு வரவேண்டிய புரை, கைக்குழந்தையின் இரு கண்களிலும் பால் வெள்ளையாய் நின்றது. பல குழந்தைகள் இளைத்திருந்தன, இருதயமும் கெட்டிருந்தது. காத்திருந்த தாய்மார் இருவர் தங்களுக்குள், ‘நான் உண்டாகியிருந்தபோது எனக்கு அந்தத் தடிப்புக் காய்ச்சல் வந்தது’ என்று பேசிக்கொண்டது கிரெக்கின் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிய அளவில் பரவியிருந்தது. அவர் தம் நோயாளிகளையும் சக மருத்துவர்களின் நோயாளிகளையும் சேர்த்து 78 குழந்தைகளின் தாய்மாரை விசாரித்தார். 68 பேர் கருவுற்றிருந்தபோது ரூபெல்லா கண்டிருந்தனர். பெரும்பாலோர்க்கு முதல் மாதங்களிலேயே கண்டிருந்தது.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏடு, இது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1944இல் எழுதிற்று. ஐயத்தைத் தீர்த்தவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியல் அறிஞர். அவர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள் தொகைக் கணக்குகளைப் புரட்டினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கில் 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களிடையே காது கேளாதோர் தொகை மேடிட்டு நின்றது. 1921ஆம் ஆண்டுக் கணக்கில் அதே மேடு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. ஒரே கூட்டம், பத்தாண்டு மூத்திருக்கிறது! பின்னோக்கிக் கணக்கிட்டால் அவர்கள் பிறந்தது 1899ஐ ஒட்டி. ரூபெல்லா பரவிய காலம் அது. 1951இல் அவர் இதனை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் ஒரு குழாயும் கழுவாமல், தூசு படிந்த ஏடுகளிலிருந்து ஓர் உண்மையைப் பிழிந்தெடுத்த அவரை எண்ணும்போதெல்லாம், விஞ்ஞானம் படிக்கும் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

இனி, அந்தக் கிருமி உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். தாயின் இரத்தத்துக்கும் சேயின் இரத்தத்துக்கும் இடையில் நஞ்சுக்கொடி நிற்கிறது. அது வாயிற்காவலன் போன்றது. உணவையும் உயிர்வளியையும் உள்ளே விட்டு, வேண்டாத பலவற்றைத் தடுத்துவிடும். ரூபெல்லா வைரஸ் காவலனை ஏமாற்றிக்கொண்டு போவதில்லை, காவலனையே பற்றிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியின் உயிரணுக்களில் பெருகி, அங்கிருந்து கருவின் இரத்த ஓட்டத்தில் இறங்குகிறது. இறங்கியபின் சூறையாடுவதும் இல்லை. உயிரணுக்கள் பிரிந்து பெருகும் வேகத்தை அது குறைத்துவிடுகிறது. சில அணுக்களைச் சாகவும் வைக்கிறது. இரத்த நாளங்களின் உட்சுவரையும் கெடுக்கிறது.

வளர்ந்த மனிதன் ஒருவனுக்கு இரண்டு வாரம் அணுப் பெருக்கம் மந்தப்பட்டால் பெரிதாக ஒன்றும் நேராது. கருவின் கதை வேறு. நான் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கும். தளம் போடும் நாளில் கொத்தனார் வரவில்லை என்றால் என்ன ஆகும்? மறுநாள் வந்து இட்டு நிரப்பலாம். கருவில் அதற்கு வழியில்லை. கண்ணின் வில்லைக்குச் சில வாரங்கள், இருதயத்தின் அறைகளுக்குச் சில வாரங்கள், உட்செவிக்குச் சில வாரங்கள் என்று நாள் குறித்து வேலை நடக்கிறது. குறித்த நாளில் ஆள் குறைந்தால், குறைந்தது குறைந்ததுதான். முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு ரூபெல்லா கண்டால் நூற்றுக்கு 90 வரை குழந்தைகள் பாதிக்கப்படுகின்றன. கண், இருதயம், செவி மூன்றும் ஒருசேரக் கெடுவதும் உண்டு. பிறகு ஆபத்து படிப்படியாகக் குறைகிறது. அந்நாளில் பெரும்பாலும் செவி மட்டும் கெடும். 20 வாரம் கடந்தபின் தீங்கு அரிது. ஆக, மிகக் கொடிய காலம் எது? கருவுற்றதைப் பெண் தானே உறுதியாய் அறியாத காலம், அறிந்தும் மாமியாருக்குச் சொல்லக் கூசும் காலம்.

தாயின் உடலுக்கு இந்நோய் பெரிதாய்த் தீங்கு செய்வதில்லை. வளர்ந்த பெண்களுக்கு மூட்டு வலி வரும், அது போய்விடும். ஆனால் கரு கலைவதும், குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் அவளுக்கு நேர்கிற துன்பங்களே அல்லவா? பிறந்த குழந்தை ஓராண்டு வரை தன் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்ச வரும் இன்னொரு கர்ப்பிணிக்கு அதுவே ஆபத்து.

கர்ப்ப காலத்தில் வரும் தொற்று நோய் இது ஒன்றுதானா என்றால், இல்லை. மேக நோய் உண்டு. முதல் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துப் பென்சிலின் கொடுத்தால் தாயும் சேயும் தப்புவர். எச்.ஐ.வி. உண்டு, தாய் முறையாக மருந்து உண்டுவந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விடும். மஞ்சள் காமாலை பி வகைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி போடுகிறார்கள். மலேரியாவுக்கு மருந்து இருக்கிறது. இவற்றிலெல்லாம் கருவுற்ற பிறகும் மருத்துவர் செய்ய ஏதோ ஒன்று மீந்திருக்கிறது. ரூபெல்லாவில் அப்படி ஒன்றும் இல்லை. தடிப்புத் தோன்றிய பின் அந்த வைரஸை விரட்டும் மருந்து எதுவும் கிடையாது. செய்யவேண்டியதெல்லாம் கருவுறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். நான் இதனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இது ஏதோ வெள்ளைக்காரர் நாட்டு நோய் என்று எண்ணுவோர் மதுரைக்குப் போகட்டும். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையோடு வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் காரணம் ரூபெல்லா. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கில் ஒரு பங்கு. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சில பெரிய மருத்துவமனைகளில் கண்காணிப்பைத் தொடங்கிற்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், நம் பெங்களூரின் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும் அவற்றுள் அடங்கும். 2016 டிசம்பர் முதல் 2018 ஜூலை வரை ஐயத்துக்குரிய 645 குழந்தைகளைப் பார்த்ததில், 137 பேருக்கு இந்நோய் உறுதியாயிற்று. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு இருதயக் கோளாறு. அதே மருத்துவமனைகளுக்கு 2017இல் வந்த 1,800 கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 83 பேரிடம் எதிர்ப்புச் சக்தி இருந்தது. மற்ற 17 பேர் வெறுங்கையோடு நின்றார்கள். அடுத்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து எதைக் கொண்டுவருகிறான் என்பதைப் பொறுத்தே அவர்களின் குழந்தைகள் பிழைத்தன.

அந்தப் பையனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும்.

1962இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினர் இந்த வைரஸைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1964லும் 1965லும் அந்நாட்டில் ரூபெல்லா கொள்ளைநோயாய்ப் பரவியபோது ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறையோடு பிறந்தன. அந்நாளில் பாதிக்கப்பட்டுக் கலைக்கப்பட்ட கருக்களுள் 27ஆவதிலிருந்து எடுத்த மூன்றாவது திசுத்துண்டில் கிடைத்த வைரஸை, உடல் வெப்பத்தினும் குறைந்த குளிரில் வளர்த்து வளர்த்து வலுவிழக்கச் செய்தார் ஸ்டான்லி பிளாட்கின் என்னும் ஃபிலடெல்ஃபியா விஞ்ஞானி. ‘ஆர்.ஏ. 27/3’ என்பது அதன் பெயர். உலகின் பெரும்பகுதியில் போடப்படும் ரூபெல்லா ஊசி அதுவே. புனேயின் சீரம் நிலையம் தயாரித்து நம் குழந்தைகளுக்குப் போடப்படுவதும் அதுவே.

ஊசி கைக்கு வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. துன்பம் கருவுறும் பெண்ணுக்குத்தானே? பெண்களுக்கு மட்டும் போட்டால் போதாதா? ஆண் பிள்ளைக்கு எதற்கு? நம் சங்கக் கூட்டமொன்றில் ஒரு நண்பர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வைரஸ் ஆண் பெண் பார்ப்பதில்லை. ஊசி போடாத ஊரில் ரூபெல்லா கண்ட ஒருவர் சராசரியாக ஆறேழு பேருக்கு அதனைக் கொடுக்கிறார். தடிப்புத் தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த ஏழு பேரில் ஆறு பேர் ஏற்கெனவே காப்புப் பெற்றிருந்தால் நோய் ஒருவரைத் தாண்டி வளராது. ஏழில் ஆறு என்பது நூற்றுக்கு 85 அல்லது 86. பாதி மக்களை, அதாவது ஆண்களை, விட்டுவிட்டால் இந்தக் கணக்கு எப்படி நிரம்பும்?

அரைகுறையாய்ப் போடுவதில் இன்னொரு விபரீதமும் உண்டு. பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் ஒழியாது, அதன் நடை தளரும். முன்பெல்லாம் ஐந்து வயதிலேயே ரூபெல்லாவைச் சந்தித்து, மூன்று நாள் படுத்தெழுந்து, வாழ்நாள் முழுவதற்கும் காப்புப் பெற்ற பெண், இப்போது அதனைச் சந்திக்காமலே வளர்ந்துவிடுவாள். அவள் அதனைச் சந்திப்பது 25ஆம் வயதில், வயிற்றில் குழந்தையோடு. ஒன்றுமே போடாதிருந்ததைவிட அரைகுறையாய்ப் போட்டது தீங்காய் முடியும்! இது வெறும் தாள் கணக்கு அன்று. கிரீஸ் நாட்டில் 1970களின் நடுவில் ஊசியை அறிமுகப்படுத்தினார்கள். பல ஆண்டுகள் பாதிக் குழந்தைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. 1993இல் இளைஞர்களிடையே நோய் பரவிற்று. அந்தச் சிறிய நாட்டில் அதைத் தொடர்ந்து 25 குழந்தைகள் குறையோடு பிறந்தன. காசுள்ளவர்கள் தனியார் மருத்துவரிடம் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்வதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த நம் நாடும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் போக்கு மாறியது நம் பெங்களூரில் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி. 2017 பிப்ரவரி 5ஆம் நாள், அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா இந்நகரில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய ஐந்தும் முதல் கட்டம். 9 மாதம் நிரம்பியது முதல் 15 வயது நிரம்பாதவர் வரை ஆண், பெண் அனைவருக்கும் ஒரே ஊசி. கிரீஸ் கற்றுத்தந்த பாடம் இந்த வயது வரம்பில் அடங்கியிருக்கிறது.

அப்போது நான் தமிழ்நாட்டில், வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஊசிக்கு முன் வாட்ஸப் வந்துவிட்டது. இந்த ஊசி போட்டால் பிள்ளைப் பேறு இராது, இது வெளிநாட்டுச் சதி, எந்த ஊரிலோ குழந்தைகள் மயங்கி விழுந்தன என்றெல்லாம் குரல் பதிவுகள் கைமாறின. ஊசி நாளன்று எங்கள் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். என் பாட்டி, “அம்மை குத்தினப்பவும் இப்படித்தான்டா ஓடி ஒளிஞ்சாங்க, போய்ப் போட்டுக்கிட்டு வா” என்று அனுப்பிவைத்தாள். தமிழகமெங்கும் தயக்கம் இருந்ததால் இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைப் பேற்றைக் காக்க வந்த ஊசியைப் பிள்ளைப் பேற்றைக் கெடுப்பது என்று பரப்பியவன் எவனோ, அவன் பொய்யைக்கூடத் தலைகீழாய்ச் சொல்லத் தெரிந்தவன். இயக்கம் பிற மாநிலங்களுக்கும் சென்று நாடெங்கும் 30 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளை எட்டிற்று. இப்போது ஒன்பதாம் மாதம் ஒன்று, பதினாறு முதல் இருபத்து நான்காம் மாதத்துக்குள் ஒன்று என இரு ஊசிகள் வழக்கமாய்ப் போடப்படுகின்றன. நோயை ஒழிக்க இந்தியா குறித்த ஆண்டு முதலில் 2023, பிறகு 2026. இலங்கை 1996இலேயே பெண்களுக்கு ஊசி போடத் தொடங்கி, பின்னர் இரு பால் குழந்தைகளுக்கும் விரித்து, 2020இல் ரூபெல்லா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றுவிட்டது.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். நான் தங்கியிருக்கும் வீட்டின் மாடியில் குடியிருக்கும் அக்காவுக்குச் சென்ற ஆண்டு கரு கலைந்தது. ஏதோ ஒரு பரிசோதனை நிலையத்தில் ‘டார்ச்’ என்னும் சோதனை செய்து சீட்டுக் கொடுத்திருந்தார்கள். “தம்பி, நீ கிருமிப் படிப்புத்தானே படிக்கிறே? ரூபெல்லா பாசிட்டிவ்னு போட்டிருக்கு. என் உடம்புல நோய் இருக்குன்னு வீட்ல எல்லாரும் பேசுறாங்க” என்று சீட்டை நீட்டினார். பாசிட்டிவ் என்றிருந்தது ‘ஐ.ஜி.ஜி.’ என்ற வரிக்கு நேரே. ‘ஐ.ஜி.எம்.’ என்ற வரி நெகட்டிவ். நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களுள் ஐ.ஜி.எம். என்பது நோய் வந்த புதிதில் தோன்றிச் சில வாரங்களில் மறைவது, ஐ.ஜி.ஜி. என்பது நோய் வந்துபோன பின்னரோ ஊசி போட்ட பின்னரோ நெடுங்காலம் நிலைத்து நின்று காப்பது. எனவே அக்காவின் சீட்டுச் சொன்னது நற்செய்தி: அவருக்குக் காப்பு இருக்கிறது. அடுத்தடுத்துக் கரு கலைவதற்கும் பழைய ரூபெல்லாவுக்கும் தொடர்பில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொன்னேன். அவரும் அதையே விளக்கினாராம். ஒரு வரியைத் தவறாகப் படித்து ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வீடுகள் இந்நகரில் எத்தனையோ! ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்தாலும் பதறி முடிவெடுக்கலாகாது. அது பொய்யாகவும் காட்டக்கூடும், மறுசோதனை வேண்டும்.

பிறந்த குழந்தையிடமோ இதே இரண்டு எழுத்துகள் வேறு கதை சொல்லும். ஐ.ஜி.ஜி. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும், ஐ.ஜி.எம். வராது. குழந்தையின் இரத்தத்தில் ஐ.ஜி.எம். இருந்தால் அது குழந்தை தானே உண்டாக்கியது. வைரஸ் கருவறைக்குள் சென்றிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஜீவனஹள்ளி, மாருதி சேவா நகர், பாணஸ்வாடிப் பக்கங்களில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்திருக்கும் நம்மவர் பலர். முதல் ஊசியைத் திருவண்ணாமலையிலோ கிருஷ்ணகிரியிலோ போட்டிருப்பார்கள். அட்டை அங்கே பெட்டிக்குள் கிடக்கும். இரண்டாம் ஊசிக்கு நாள் வரும்போது குடும்பம் இங்கே இருக்கும். ‘தமிழ்நாட்டு அட்டைக்கு இங்கே போடமாட்டார்கள்’ என்று அவர்களே முடிவுசெய்துகொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். அது சரியன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் எதுவானாலும் இலவசமாகப் போடுவார்கள். அட்டை இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. தவறிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். நம் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகும்போது, அவர்களின் தம்பி தங்கைகளின் அட்டையையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கன்னடம் பேசத் தயங்கும் தாயோடு ஒருவர் கூடவே சென்றால் அரைமணி நேர வேலை.

நம்மைப் பற்றி? 2017இல் 15 வயது நிரம்பியிருந்தவர்கள் அந்த இயக்கத்துக்கு வெளியே நின்றவர்கள். ஆராய்ச்சி மாணவர்களில் பெரும்பாலோரும், முதுகலையில் சிலரும் அக்கூட்டம். சிறு வயதில் நோய் வந்துபோயிருக்கலாம், வராமலும் இருக்கலாம். நினைவை நம்பிப் பயனில்லை. ஐ.ஜி.ஜி. சோதனை ஒன்று செய்து, காப்பு இல்லையெனில் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளலாம். சோதனை செய்யாமலே போட்டுக்கொண்டாலும் தீங்கில்லை. வலுவிழந்ததாயினும் உயிருள்ள வைரஸ் ஆகையால் கர்ப்பிணிகளுக்கு இதனைப் போடுவதில்லை. போட்டபின் ஒரு மாதம் கருவுறாதிருக்கவும் சொல்வார்கள். தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. அப்படிப் போடப்பட்டவர்களின் குழந்தைகளிடம் இந்நோயின் குறைகள் காணப்படவில்லை. பிரசவம் ஆனபின், பால் கொடுக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்கு இந்த நிபந்தனைகள் ஒன்றுமே இல்லை. வேண்டியதெல்லாம் ஒரு கை.